நாற்பத்தொன்றோடு முடியும் அளவுகோல்

சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடையோர் வாசிக்கலாம். சிரிக்க வருவோர் சிரித்து முடித்தபின் வாசிக்கலாம்.

இந்திய இணையக் கடை ஏதேனும் ஒன்றைத் திறந்து, ஆண்கள் பகுதிக்குள் சென்று, ‘ஹீல்ஸ்’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். பித்தவெடிப்புக்கான களிம்பு வரும். குதிவலிக்குச் சிலிக்கான் மெத்தை வரும். ‘உயரம் கூட்டும்’ ஷூக்கள் சில வரும். அதன்பின் இயந்திரம் உங்களைப் பற்றிய தன் முடிவை மாற்றிக்கொண்டு, பெண்கள் பகுதிக்குள் தள்ளிவிடும். அங்கே ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கும். அளவுக்கான ஃபில்டரைத் திறந்தால் 36 முதல் 41 வரை எண்கள் வரிசையாக நிற்கும். 42 என்ற எண் எங்கேனும் இருந்தால், அது சாம்பல் நிறத்தில் மங்கி, தொட்டாலும் அசையாததாக இருக்கும்.

என் பாதத்தின் நீளம் 27.5 செ.மீ. இந்தியக் கடைக் கணக்கில் 9, ஐரோப்பியக் கணக்கில் 43. ஆண்களுக்கான ஷூக்கள் 6 முதல் 11 வரை விற்கும் நாட்டில் இது நட்டநடு அளவு. அலுவலக ஷூ, ஓட்டப் பயிற்சி ஷூ, குளியலறைச் செருப்பு என எதைக் கேட்டாலும் இந்தப் பாதம் சராசரிப் பாதம். மூன்று அங்குலக் குதி வைத்த காலணியை அது கேட்ட கணத்தில் மட்டும் ‘பெரிய அளவு’ ஆகிவிடுகிறது. ஆக, பெரிதாக இருப்பது பாதமன்று என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வோம்.

இதனைச் சந்தையின் இயல்பு என்று சொல்வோருடன்தான் எனக்கு வழக்கு. ‘கேட்பார் இல்லை, ஆகவே செய்வார் இல்லை’ என்ற வாக்கியத்தைக் கடந்த சில ஆண்டுகளில் கடைக்காரர்களிடமும், வாடிக்கையாளர் சேவை மையங்களிலும், வணிகவியல் படித்த நண்பர்களிடமும் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேட்பார் இல்லை என்று எப்படித் தெரிந்தது? ஆண் கணக்கிலிருந்து ஒருவர் ஹீல்ஸ் தேடினால், அது மனைவிக்கோ காதலிக்கோ பரிசு என்று பதிவாகிறது. 41-ஐ வாங்கிக் கால் நுழையாமல் திருப்பி அனுப்பினால், ‘அளவு பொருந்தவில்லை’ என்ற பொதுக் காரணத்தின் கீழ் ஒரு பெண்ணின் ரிட்டர்னாகப் பதிவாகிறது. தேடியும் கிடைக்காமல் தளத்தை மூடிவிட்டுப் போனவர் எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை. 43 என்ற எண்ணே இல்லாத பட்டியலில் 43-ஐத் தேர்ந்தெடுத்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, பூச்சியம் என்று விடை கண்டு, அந்தப் பூச்சியத்தைக் காரணம் காட்டி 43-ஐச் செய்யாமல் விடுவது வணிக நுண்ணறிவு என்று கொண்டாடப்படுகிறது. தருக்க நூலில் இதற்கு வேறு பெயர் உண்டு.

இணைய வணிகம் பிறந்தபோது அது கொடுத்த வாக்குறுதி இதற்கு நேர் எதிரானது என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். 2004-இல் கிறிஸ் ஆண்டர்சன் ‘நீண்ட வால்’ என்ற கருத்தை முன்வைத்தபோது, தெருக்கடையின் அலமாரிக்கு இடப் பற்றாக்குறை உண்டு, இணையக் கடையின் அலமாரிக்கு எல்லை இல்லை, ஆகவே ஊருக்கு ஒருவர் மட்டுமே விரும்பும் பொருளும் நாடு முழுவதற்குமாகச் சேர்த்து விற்றுத் தீரும் என்பதே சாரம். புத்தகத்திலும் இசையிலும் அது ஓரளவு நடந்தது. காலணியில் நடக்கவில்லை. தெருக்கடையில் இருந்த அலமாரியை அப்படியே எடுத்துவந்து திரையில் மாட்டினார்கள். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம் என்ற தடுப்புப் பலகையையும் மறவாமல் கொண்டுவந்தார்கள். தெருக்கடையிலாவது கடைப் பையன் மனமிரங்கி, ‘இருங்க சார், மேலே பழைய ஸ்டாக்கில் பார்க்கிறேன்’ என்று ஏணியில் ஏறுவான். ஃபில்டருக்கு ஏணி இல்லை.

அளவு என்பதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம், ஏனெனில் வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. நாம் ‘இந்திய அளவு’ என்று வழங்குவது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அளவு. அதன் அலகு வாற்கோதுமை மணி ஒன்றின் நீளம்: அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.47 மில்லிமீட்டர். ஓர் எண் கூடினால் ஒரு மணி கூடும். ஐரோப்பிய அளவின் அலகு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இவ்விரண்டு அளவுகோல்களுக்கும் பாலினம் தெரியாது. பிரித்தானியக் கணக்கில் ஏழாம் எண் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் நீளம் ஒன்றே. ஆணுக்கு ஒரு தொடக்கப்புள்ளி, பெண்ணுக்கு ஒரு தொடக்கப்புள்ளி என்று வைத்துக்கொண்டவர்கள் அமெரிக்கர்கள். நம் இணையக் கடைகளோ பிரித்தானிய எண்ணை எடுத்துக்கொண்டு, அமெரிக்கப் பழக்கத்தை அதன்மேல் ஒட்டவைத்து, ஐரோப்பிய எண்ணை அடைப்புக்குறிக்குள் இட்டு ஓர் அட்டவணை தயாரிக்கின்றன. பல தளங்களில் பெண்கள் பகுதியில் 8 என்றால் 41, ஆண்கள் பகுதியில் அதே 8 என்றால் 42. ஒரே கடை, ஒரே எண், இரண்டு நீளம். எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கால் வளரும் அல்லது சுருங்கும்.

இந்தக் குழப்பத்துக்கு அரசே ஒரு தீர்வு காண முற்பட்டது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாட்டின் ஐந்து மண்டலங்களில் 79 இடங்களில், 1,01,880 பேருடைய பாதங்களை முப்பரிமாண இயந்திரம் கொண்டு அளந்தது. மெச்சத்தக்க பணி. இந்தியப் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலமானது என்பதும், அந்த அகலத்துக்கு இடம் தேடி மக்கள் தேவைக்கு மேல் நீளமான காலணிகளை வாங்கி அணிகிறார்கள் என்பதும் அதன் முதன்மையான கண்டுபிடிப்புகள். இப்படிப் பொருந்தாத ஹீல்ஸ் அணியும் பெண்களுக்குக் காயம் நேரலாம் என்று கூடச் சொல்லப்பட்டது. பாரதம் என்பதன் முதலெழுத்தைக் கொண்டு ‘பா’ என்று பெயரிட்டு, புதிய அளவுமுறை ஒன்று முன்மொழியப்பட்டது.

அந்த முன்மொழிவில் எட்டுப் பிரிவுகள். கைக்குழந்தையிலிருந்து 11 வயதுவரை நான்கு பிரிவுகள். அவற்றில் பாலினம் இல்லை, குழந்தைகள் மட்டுமே. அதன்பின் ஐந்தாவது சிறுமியர், ஆறாவது சிறுவர், ஏழாவது பெண்கள், எட்டாவது ஆண்கள். ஒரு லட்சம் பாதங்களை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்துவிட்டு, கடைசியில் அவற்றை இரண்டு பெட்டிகளில் போட்டு மூடிவிட்டோம். சராசரிகள் வேறுபடுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆண் பாதம் சராசரியாக நீளமானது, வளர்ச்சியும் தாமதமாகவே நிற்கிறது. ஆனால் சராசரி என்பது விநியோகத்தின் நடுப்புள்ளி. அதனை வேலியாக மாற்றுவது புள்ளியியலின் வேலையன்று. 26 செ.மீ. நீளமுள்ள பெண் பாதங்களும் உண்டு, 24 செ.மீ. நீளமுள்ள ஆண் பாதங்களும் உண்டு. மில்லிமீட்டரில் எண்ணி, அகலத்துக்கு ஓர் எழுத்துச் சேர்த்துவிட்டால், வகுப்புப் பிரிக்கும் தேவையே எழாது. உலகத் தர நிர்ணய அமைப்பின் மாண்டோபாயின்ட் முறை அதைத்தான் செய்கிறது: பாதத்தின் நீளம் மில்லிமீட்டரில், அகலம் மில்லிமீட்டரில். பனிச்சறுக்கு ஷூக்களை உலகம் முழுவதும் இந்த அளவிலேயே வாங்குகிறார்கள். யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

இப்போது உற்பத்தியாளர் தரப்பைக் கேட்போம். அவர்களுடைய வாதத்தில் பாதி உண்மை. குதியுயர் காலணி என்பது சாதாரணக் காலணியின் அடியில் ஒரு கட்டையை ஒட்டியது அன்று. லாஸ்ட் எனப்படும் கால் அச்சு ஒவ்வொரு குதி உயரத்துக்கும் தனித்தனியாகச் செதுக்கப்படுகிறது. ஓர் அங்குலக் குதிக்கான அச்சில் தைத்த ஷூவுக்கு மூன்று அங்குலக் குதியை அடித்தால், முன்பாதம் தரையைவிட்டு மேலெழும், நடுப்பகுதி முறியும். பாதத்தின் வளைவுக்கு அடியில், ஷாங்க் எனப்படும் எஃகுப் பட்டை ஒன்று உடல் எடை முழுவதையும் தாங்கிப் படுத்திருக்கிறது. ஐம்பது கிலோ உடலுக்கு எனத் திட்டமிட்ட பட்டையின் மேல் எண்பது கிலோ ஏறினால் அது வளையும். ஒரு நாள் படியிறங்கும்போது பிளக்கும். ஆகவே 38-ஐக் கணினியில் பெருக்கி 43 ஆக்கிவிட முடியாது. புது அச்சு வேண்டும், புதுக் குதிக்கான வார்ப்பு வேண்டும், தடித்த ஷாங்க் வேண்டும். இவை பணம் கேட்கும் காரியங்கள்தாம். ஒத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதி பொய். பெரிய பாதத்துக்கு ஹீல்ஸ் ‘இயல்பிலேயே’ பொருந்தாது என்று ஒரு கைவினைத் தொழிற்கூட உரிமையாளர் எனக்கு வகுப்பெடுத்தார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குதியிலிருந்து முன்பாதப் பந்துவரை உள்ள தூரம் பாத நீளத்தில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு. 23 செ.மீ. பாதத்தில் அது சுமார் 16 செ.மீ.; 27.5 செ.மீ. பாதத்தில் சுமார் 19. மூன்று அங்குலக் குதியின் மேல் சிறிய பாதம் ஏறத்தாழ 28 பாகை சாய்ந்து நிற்கும். பெரிய பாதம் 23 பாகைதான் சாயும். அதாவது அதே குதி, நீண்ட பாதத்துக்குச் சரிவு குறைந்த படிக்கட்டு. வடிவியல் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. எடைக்கு எஃகு இருக்கிறது. இல்லாதது செய்யவேண்டும் என்ற எண்ணம் மட்டுமே.

அந்த எண்ணம் வந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், ஏர்ல்ஸ் பார்ட்டன் என்ற ஊரில், ஆண்களுக்கான மரபான ஷூக்களைத் தலைமுறைகளாகத் தைத்துவந்த ஒரு தொழிற்சாலை 1990களின் பிற்பகுதியில் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தது. ஆண்களின் அளவில், ஆண்களின் எடையைத் தாங்கும் குதியுடன், பெண்கள் அணியும் பாணிப் பூட்ஸ்களைச் செய்யத் தொடங்கி அது சில காலம் மூச்சுவிட்டது. அந்தக் கதையே 2005-இல் ‘கின்க்கி பூட்ஸ்’ என்ற திரைப்படமாகவும், பின்னர் பிராட்வேயின் இசை நாடகமாகவும் உருவெடுத்தது. படத்தைப் பார்த்துக் கைதட்டியவர்களுள் நம் நகரங்களின் காலணி வணிகர்களும் இருந்திருப்பார்கள். ஆம்பூரும் இராணிப்பேட்டையும் ஆக்ராவும் ஐரோப்பாவின் கால்களுக்கு ஷூ தைத்து அனுப்புகின்றன. தோல் இங்கே, கை இங்கே, இயந்திரம் இங்கே, பாதத்தை அளந்த ஆய்வு நிறுவனமும் இங்கே. ஆனாலும் தில்லியில் இருந்துகொண்டு 43-இல் ஒரு ஜோடி ஹீல்ஸ் வாங்க முடியவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வரவழைத்தோம். மலிவு விலையில் 45, 46 வரை அனுப்பிய சீனத் தளங்கள் 2020-இல் தடைசெய்யப்பட்டன. தடைக்கான காரணங்களுக்கும் காலணிக்கும் தொடர்பில்லை என்றாலும், முதலில் அடைபட்ட கதவு எங்களுடையது. அதே ஆண்டு பட்ஜெட்டில் காலணி மீதான அடிப்படை இறக்குமதி வரி 25 விழுக்காட்டிலிருந்து 35 ஆக உயர்ந்தது. 2024 ஆகஸ்டு முதல் காலணிகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது; இந்தியச் சந்தைக்கு விற்க விரும்பும் அயல்நாட்டு உற்பத்தியாளர் இங்குள்ள அமைவனத்தின் உரிமத்தைப் பெறவேண்டும். ஆண்டுக்குச் சில நூறு ஜோடி விற்கும் சிறு தொழிற்கூடம் எதுவும் அதற்காக மெனக்கெடாது. உள்நாட்டில் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டால் விலை 2,500 ரூபாயை எளிதில் தாண்டும். 2025 செப்டம்பர் வரிச் சீரமைப்புக்குப் பின், அந்த வரம்புக்குள் உள்ள காலணிக்கு 5 விழுக்காடு, தாண்டினால் 18. கடையில் கிடைக்காத குற்றத்துக்காகப் பதின்மூன்று விழுக்காடு கூடுதல் அபராதம் என்று இதனை எடுத்துக்கொள்கிறேன்.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளில் பதினொரு ஜோடி வரவழைத்தேன்; ஒன்பதைத் திருப்பினேன். ஒவ்வொரு முறையும் அட்டவணை பொருந்தும் என்று உறுதி கூறியது. ஒன்பதாவது முறைக்குப் பின், நாட்டின் பெரிய தளங்களுள் ஒன்று, என் கணக்கில் ‘வழக்கத்துக்கு மாறான ரிட்டர்ன்’ காணப்படுவதாகக் கூறி, இலவசத் திரும்பப்பெறும் வசதியை நிறுத்தியது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் என்னை மூன்று முறை ‘மேடம்’ என்றார். குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு, ‘சார், இது லேடீஸ் பிராடக்ட், தவறாக ஆர்டர் செய்துவிட்டீர்கள் போலும்’ என்று விளக்கினார். பிழை அவருடையது அன்று. அவர் முன்னிருந்த திரையில் அதற்குமேல் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க இடமில்லை. எஞ்சிய இரண்டு ஜோடிகளில் ஒன்றின் குதி நான்காம் வாரம் சாய்ந்தது. மற்றொன்று இருக்கிறது; அதனை அணியும்போது சுண்டுவிரல் இருக்கும் இடம் தெரியாது.

எதற்காக அணிகிறாய் என்று கேட்கிறார்கள். நடனத்துக்கா, நாடகத்துக்கா, நீ அப்படிப்பட்டவனா என்றெல்லாம். இந்தக் கேள்வி உண்மையில் ஒரு சோதனைச்சாவடி. நடனம் என்றால் கலை என்று கடக்கவிடுவார்கள். அடையாளம் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டேனும் சட்டத்துக்கு அஞ்சி ஒதுங்குவார்கள். எனக்கு அழகாக இருக்கிறது, நிமிர்ந்து நடக்கத் தோன்றுகிறது என்ற விடைக்கு மட்டும் சாவடி திறப்பதில்லை. பெண்ணிடம் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. தோள்பட்டைக்குப் பஞ்சு வைத்த கோட்டு அணியும் ஆணிடமும் கேட்பதில்லை.

திருநங்கையர்க்கு இதே தடுப்பு இன்னும் கொடிது. எனக்கு இழப்பு ஒரு ஜோடிக் காலணி. பெண்ணாக வாழ்ந்து, பெண்ணாகவே வேலைக்குச் செல்லும் ஒருவர் கடையில் நின்று 43 கேட்க வேண்டியிருக்கும்போது, அந்த எண்ணே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. கடையிலுள்ள அத்தனை கண்களும் காலிலிருந்து முகத்துக்கு ஏறும். இணையம் அவருக்கு அளித்திருக்க வேண்டியது அந்தக் கண்களிலிருந்து ஒரு விடுதலை. ஒருவர் தம் பாலினத்தை உடை வழியாக வெளிப்படுத்துவது கருத்துரிமையின் பகுதி என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. பத்தாண்டுகள் கடந்தும் அந்த வெளிப்பாடு கணுக்காலோடு நின்றுபோயிருக்கிறது. பிறப்பால் பெண்ணாகவே இருந்து, கூடைப்பந்து ஆடும் உயரமும் 42-ஆம் எண் பாதமும் வாய்த்தவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். திருமணத்துக்கு ஆண்களின் செருப்பைச் சேலைக்கு அடியில் மறைத்து அணிந்த தோழி ஒருத்தியை நான் அறிவேன்.

‘மேல்நாட்டு மோகம், ஆண்மைக்கு இழுக்கு’ என்று பதறுவோர்க்கு வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வேன். குதியுயர் காலணி ஆண்களின் காலில்தான் பெயர் பெற்றது, அதுவும் ஆசியாவில். பாரசீகக் குதிரைவீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல், எழுந்து நின்று அம்பெய்வதற்காக அணிந்தது அது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் ஷா அப்பாஸின் தூதர்கள் ஐரோப்பிய அரசவைகளுக்குச் சென்ற காலத்தில், அங்கிருந்த பிரபுக்களுக்கு அது வீரத்தின் சின்னமாகத் தெரிந்தது. பதினான்காம் லூயியின் 1701-ஆம் ஆண்டு ஓவியத்தைப் பாருங்கள்: வெண்காலுறை, சிவப்புக் குதி. சிவப்புக் குதியை யார் அணியலாம் என்பதை வரையறுக்கவே அவன் ஆணையிட்டான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய ஆண்கள் அதனைக் கழற்றி வைத்தார்கள். ஆயினும் அமெரிக்க மாட்டுக்காரனின் பூட்ஸில் குதி இருந்தது. பீட்டில்ஸ் குழுவினரின் காலில் இருந்தது. 1970களின் இந்திப் படங்களில் பெல்பாட்டத்துக்கு அடியில் இருந்தது. நம் மாமாக்கள் அதை அணிந்து எடுத்துக்கொண்ட நிழற்படங்கள் இன்றும் வீடுகளில் உள்ளன. லத்தீன் நடனம் ஆடும் ஆண்களின் ஷூவில் இன்றும் இரண்டங்குலம்வரை இருக்கிறது.

இவ்வளவும் எதற்கு? இப்போதும் ஆண்களுக்கு ஹீல்ஸ் விற்கிறார்கள்! தொடக்கத்தில் சொன்ன ‘உயரம் கூட்டும்’ ஷூக்களுக்குத் திரும்புவோம். வெளியே பார்த்தால் சாதாரண ஷூ. உள்ளே இரண்டு, மூன்று அங்குலம் உயர்த்திய மெத்தை ஒளிந்திருக்கும். ‘யாருக்கும் தெரியாது’ என்பதே விளம்பரம். 43-உம் உண்டு, 44-உம் உண்டு. அச்சு செதுக்கியிருக்கிறார்கள், சரிவைக் கணக்கிட்டிருக்கிறார்கள், எடை தாங்கும் அடிப்பகுதியும் வைத்திருக்கிறார்கள். முடியாது என்று எனக்குச் சொல்லப்பட்ட அத்தனையும் அங்கே முடிந்திருக்கிறது. ஆகவே ஆண் காலை உயர்த்துவதில் இந்தச் சந்தைக்கு யாதொரு மறுப்பும் இல்லை. உயரம் குறைந்ததற்காக வெட்கப்பட்டு அதனை மறைப்பவனுக்கு அது மகிழ்ந்து விற்கும். வெட்கமின்றி வெளியே தெரிய அணிபவனுக்கு விற்காது.

என் பெண்ணியத் தோழியர் சிலரின் கேள்வி இதைவிடக் கனமானது. ‘நாங்கள் கழற்றி எறியப் போராடுவதை நீ ஏன் எடுத்து மாட்டிக்கொள்கிறாய்?’ பணியிடத்தில் பெண்கள் ஹீல்ஸ் அணியவேண்டும் என்ற விதிக்கு எதிராக ஜப்பானில் 2019-இல் ‘குடூ’ என்ற இயக்கம் எழுந்தது; பிலிப்பைன்ஸ் அரசு 2017-லேயே அத்தகைய கட்டாயத்தைத் தடைசெய்தது. இரண்டையும் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். முட்டிக்கும் முன்பாதத்துக்கும் அது இழைக்கும் தீங்கையும் அறிவேன். ஆனால் பெண்ணை அணியச் சொல்லும் விதியும், ஆணை அணியவிடாத ஃபில்டரும் ஒரே தொழிற்சாலையில் தயாரானவை; இன்ன காலுக்கு இன்னது என்று அறுதியிடும் அதிகாரம் இரண்டிலும் இருக்கிறது. 36-க்கும் 46-க்கும் எல்லா வகையும் விற்கும் கடையில், எந்த மேலாளரும் ‘இது பெண்களின் காலணி, ஆகவே நீ அணி’ என்று சொல்ல இயலாது.

கடைசியாக, ‘செருப்பில்லாமல் நடப்போர் கோடிக்கணக்கில் இருக்கும் நாட்டில் இது ஒரு பிரச்சினையா?’ என்பவர்கள். இவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஷூவைக் கழற்றிவிட்டு இதைச் சொல்வதில்லை. இருக்கட்டும். யார் காலில் எது இருக்கலாம் என்பது அற்பக் கேள்வி என்று இந்த நாட்டில் எவர் வேண்டுமானாலும் சொல்லலாம். தலித் மக்கள் ஆதிக்க சாதித் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டியிருந்த ஊர்களின் வரலாற்றைப் படித்தவர் சொல்லக் கூசுவார். அந்தக் கொடுமையையும் என் ஹீல்ஸையும் ஒரே தராசில் வைக்க நான் துணியவில்லை; வைப்பவரை மன்னிக்கவும் மாட்டேன். காலணி வெறும் காலணியாக ஒருபோதும் இருந்ததில்லை என்ற ஒரு செய்தியை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். அந்தச் செருப்பைத் தைத்த சாதியினரையே அதை அணியவிடாமல் தடுத்த சமூகம் இது. இன்ன காலுக்கு இன்ன காலணி என்று இங்கே எவரேனும் இயற்கைமேல் பாரத்தைப் போட்டுப் பேசினால், ஒருமுறைக்கு இருமுறை ஐயுறுவது ஆய்வாளனின் கடமை.

தில்லியின் பழைய பகுதியில் எனக்காக ஒரு ஜோடி தைத்துக்கொடுத்த முதியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். தேவை என்னவென்று கேட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. தம்மிடமுள்ள பெண் அச்சுகளில் பெரியதை எடுத்து, தோல் துண்டுகளை அடுக்கி ஒட்டி, என் பாத வரைபடத்துக்கு ஏற்ப அதனை நீட்டினார். ஷாங்குக்குப் பழைய இரும்புப் பட்டையைக் காய்ச்சி வளைத்தார். மூன்று வாரம் ஆயிற்று. குதி இரண்டே கால் அங்குலம். ‘இதற்குமேல் இந்த அச்சு தாங்காது, சரியான அச்சு கிடைத்தால் நான்குகூடச் செய்வேன்’ என்றார். அச்சு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். ஆக்ராவில் ஹிங் கி மண்டியில் தேடச் சொன்னார். தேடினேன். பெண் பாணி அச்சில் 41-க்கு மேல் எவரிடமும் இல்லை. கேட்டால் செதுக்கித் தருவதாக ஒருவர் சொன்னார், குறைந்தது ஐம்பது ஜோடிக்கு ஆர்டர் வேண்டுமாம்.

ஐம்பது. மொத்தத் தடையும் அந்த எண்ணில் வந்து நிற்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கு மடல் ஒன்று எழுதியிருக்கிறேன். கோரிக்கைகள் மூன்று: புதிய அளவுமுறையில் 12 வயதுக்கு மேற்பட்ட பிரிவுகளில் பாலினப் பெயரை நீக்கி நீளத்தையும் அகலத்தையும் மட்டும் வைக்கவேண்டும், இணையத்தில் விற்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் உள்நீளத்தை மில்லிமீட்டரில் குறிப்பிடுவது கட்டாயமாகவேண்டும், குதி இரண்டு அங்குலத்தைத் தாண்டினால், எவ்வளவு எடைக்கு அது சோதிக்கப்பட்டது என்பதைப் பெட்டியின்மேல் அச்சிடவேண்டும். மூன்றாவது கோரிக்கை எந்தப் பாலினத்தவர்க்கும் கணுக்காலைக் காக்கும். மடலின் நகல் வேண்டுவோர் உள்பெட்டியில் கேட்கலாம்; தங்கள் பெயரில் திருத்தி அனுப்பவும் தடையில்லை.

ஆக்ரா அச்சுக்கு இதுவரை பதினேழு பேர் சேர்ந்திருக்கிறோம். 42 முதல் 45 வரை. பாதத்தை வெள்ளைத்தாளில் வைத்து, பென்சிலை நேராகப் பிடித்து வரைந்து, நீளத்தையும் முன்பாத அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்து அனுப்புங்கள். மாலையில் அளக்கவும், காலையைவிடக் கால் சற்று வீங்கியிருக்கும். பெயர், முகவரி, காரணம் எதுவும் வேண்டாம்.